கரிக்காடியிலிருந்து பழஞ்சிக்கு: காலை உணவுப் பட்டியலில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும்



தோழரின் நினைவாக ஆண்டுதோறும் கூடும் இந்த அரங்கில் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கோயில் தெருவைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கல்வியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இவ்வாண்டு உணவகத்துச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியலைப் பற்றி, அதிலும் காலை உணவைப் பற்றி மட்டும் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். இது சிறிய விஷயமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது, யார் கையால் சமைத்ததைச் சாப்பிடுகிறது, யாருடைய உணவுக்குப் பெயர் கொடுக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டுமானால், காலை ஏழு மணிக்கு ஒரு காப்பிக்கடை வாசலில்தான் நின்று கேட்க வேண்டும்.

இன்று நாகர்கோவிலில் ஓர் உணவகத்தின் காலைப் பட்டியலைப் பாருங்கள். இட்லி, தோசை, பொங்கல், பூரி, வடை என்பது ஒரு வரிசை. புட்டு, பயறு, பப்படம், கடலை, ஆப்பம், இடியாப்பம் என்பது இன்னொரு வரிசை. இப்போது மூன்றாவதாக ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது: கம்பு தோசை, கேழ்வரகுப் புட்டு, மண்சட்டியில் பழஞ்சி. இந்த மூன்று வரிசைகளும் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. முதல் வரிசை காப்பி கிளப்புகளோடு வந்தது. இரண்டாவது இந்த மண்ணின் வீடுகளிலிருந்தும் சாயக்கடைகளிலிருந்தும் வந்தது. மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். அது நம்முடைய சட்டியிலிருந்து போனது. போகும்போது நம் பெயரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

1. சோறு என்று சொல்ல முடியாத காலம்

நாஞ்சில் நாடு என்று வழக்கில் சொல்லப்படும் பழைய தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றவை. அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் யார்? திருவிதாங்கூரில் 1836இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி மக்கள்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர் விற்கவும் அடகு வைக்கவும் கூடியவராக இருந்தார். புலையரும் பறையரும் குறவரும் அதில் பெரும்பான்மை. 1855இல்தான் அடிமை முறையை ஒழிக்கும் அரசு அறிவிப்பு வந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரில் பல ஆண்டுகள் பணி செய்தவர். 1871இல் அவர் வெளியிட்ட நூலில் புலையர் பேச வேண்டியிருந்த மொழியைப் பதிவு செய்திருக்கிறார். மேல்சாதியார் முன் ஒரு புலையர் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தன் வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது. தன் பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லக் கூடாது, கன்று என்றோ குரங்கு என்றோ சொல்ல வேண்டும். தன் சட்டியில் இருப்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். சாப்பிடப் போக அனுமதி கேட்கும்போதுகூடத் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றுதான் கேட்க வேண்டும்.

இதை நாம் நின்று யோசிக்க வேண்டும். நெல்லை விதைத்தவர், நட்டவர், அறுத்தவர், அடித்துத் தூற்றி அளந்தவர் அந்த நெல்லின் சோற்றுக்கு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. உணவில் தீண்டாமை என்றவுடன் தனிக் குவளையும் தனிப் பந்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் முந்தியது இந்தப் பெயர்த் தடை. உணவுக்குப் பெயர் சொல்லும் உரிமையே ஒரு சாதிச் சொத்தாக இருந்திருக்கிறது. இன்று உணவகப் பட்டியல் என்பது உணவுக்குப் பெயரும் விலையும் எழுதும் பலகைதானே. அதில் யாருடைய சொல் ஏறுகிறது என்று நாம் கேட்பதற்கு இதுவே காரணம்.

அதே காலத்தில் அதே அரசு இன்னொரு பக்கம் என்ன செய்துகொண்டிருந்தது? தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத மாணவர் இம்மாவட்டத்தில் இருக்க மாட்டார். அங்கே ஊட்டுப்புரை என்று ஒரு கூடத்தைக் காட்டுவார்கள். கீழும் மேலுமாக இரண்டு தளங்கள். ஒரே நேரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து உண்ணக் கூடியது. ஊறுகாய் வைத்திருந்த பெரிய சீனப் பரணிகளையும் பார்த்து வியந்திருப்போம். அங்கே உண்டவர்கள் பிராமணர்கள். செலவு அரசுக் கருவூலத்தினுடையது. திருவிதாங்கூர் முழுக்க இத்தகைய ஊட்டுப்புரைகள் இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருவனந்தபுரத்தில் 56 நாள் நடந்த முறைஜபத்திலும் இதே இலவச உணவுதான். நாஞ்சில் நாட்டு வயலில் விளைந்த நெல் வரியாகப் போய் ஊட்டுப்புரை இலையில் சோறாக விழுந்தது. விளைவித்தவர் வீட்டில் அது கரிக்காடி. இலவச உணவு மக்களைச் சோம்பேறியாக்கும் என்று இன்று எழுதுபவர்கள் இந்தக் கூடத்தை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

2. ‘டிபன்’ வந்த கதை

காலையில் இட்லி தோசை சாப்பிடுவது தொன்றுதொட்ட தமிழர் வழக்கம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நம் முதியவர்களைக் கேட்டால் வேறு செய்தி கிடைக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரும்பாலானோர் காலையில் குடித்தது முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சியை. சாதி வேறுபாடு இதில் இல்லாமல் இல்லை. ஆனால் வேறுபாடு சட்டியில் இருந்த சோற்றின் அளவிலும் தொட்டுக்கொள்ளக் கிடைத்ததிலும் இருந்தது. நிலம் உள்ள வீட்டில் பழஞ்சிக்குத் தயிரும் பழைய குழம்பும் இருக்கும். நிலம் இல்லாத வீட்டில் உப்பும் காந்தாரி மிளகும் இருக்கும், சில நாள் சுட்ட கருவாடு இருக்கும், சில நாள் நீராகாரம் மட்டும் இருக்கும். இட்லியும் தோசையும் உழைப்பாளி வீடுகளில் தீபாவளிக்கும் பண்டிகைக்கும் உரிய பலகாரங்கள். அரிசியும் உளுந்தும் வேண்டும், ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காக அரைக்க ஓர் ஆள் வேண்டும். விடியும் முன்னே வயலுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரம் ஏது?

அலுவலகம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், ரயில், பேருந்து ஆகியவை வந்த பிறகுதான் வீட்டுக்கு வெளியே காலையில் சாப்பிடுவது என்ற ஒன்று ஏற்பட்டது. ‘டிபன்’ என்ற சொல்லே ஆங்கிலேயரோடு வந்தது. அந்த இடத்தைக் காப்பி கிளப்புகள் நிரப்பின. காப்பியின் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின், அதிலும் பிராமணர்களின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதை அதில் இருக்கிறது. வெளியூர் போன பிராமணர் தீட்டு இல்லாமல் சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் ‘பிராமணாள் காப்பி கிளப்’ என்ற பலகை தோன்றியது. சமைப்பவர் பிராமணர் என்பது அதன் முதல் பொருள். சாப்பிடுபவருக்கும் தனி இடம் உண்டு என்பது இரண்டாவது பொருள்.

பிராமணரல்லாத மேல்சாதியாரும் இதே வழியைப் பின்பற்றினர். சாதிப் பட்டங்களைத் தாங்கிய கிளப்புகள் வந்தன. ‘சைவாள்’ என்ற சொல் வந்தது. பிறகு ‘உயர்தர சைவ உணவகம்’ வந்தது. ‘உயர்தரம்’ என்றால் என்ன? எண்ணெய் உயர்தரமா, அரிசி உயர்தரமா? ஒரு புலால் உணவகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ‘உயர்தர அசைவ உணவகம்’ என்று பலகை எழுதுவதை நாம் அதிகம் பார்த்ததில்லை. சாதியின் பெயரை அழித்த இடத்தில் சாதியின் தரத்தை எழுதிய சொல் அது. சட்டத்தால் தொட முடியாத சொல்.

இப்படித்தான் இட்லி, தோசை, பொங்கல், வடை என்ற முதல் வரிசை பொதுவான தமிழ்க் காலை உணவு என்ற தகுதியைப் பெற்றது. அந்த உணவின் சுவையில் நமக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு வட்டத்தாரின் அடுக்களை ஊருக்கே பொது அடுக்களை ஆனது எப்படி என்பதைத்தான் கேட்கிறோம். பொதுவாவதற்கு முன் அது பல ஆண்டுகள் நமக்குப் பூட்டியிருந்தது.

3. பலகையும் குவளையும்

உணவில் சமத்துவம் கேட்ட போராட்டங்களின் வரிசை நீளமானது. இந்த மண்ணில் வைகுண்டர் தம் மக்களுக்குப் பொதுக் கிணறு வைத்ததும் சமபந்தி நடத்தியதும் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். 1917இல் கொச்சி அரசுக்கு உட்பட்ட செறாயியில் சகோதரன் ஐயப்பன் புலையர் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் மிச்ரபோஜனத்தை நடத்தினார். அவருடைய ஈழவச் சாதியாரே அவரைப் ‘புலையன் ஐயப்பன்’ என்று ஏசினார்கள். அவர் அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார். ஒடுக்கப்பட்ட ஒரு சாதி தனக்கு மேலே உள்ளவனிடம் சமத்துவம் கேட்கும்போதே தனக்குக் கீழே உள்ளவனோடு உட்கார மறுக்கும் என்பதைக் காட்டிய நிகழ்ச்சி அது. நம் மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆயினும் பேசாமல் நகர முடியாது.

நமக்குப் பக்கத்தில், திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது 1920களின் நடுவில் தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான பின்னணியில் அந்தத் தனிப் பந்தியும் உண்டு. 1926இல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் நடந்தது. நாகர்கோவில் மருத்துவர் எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் நின்றார். 1930இல் மீண்டும் நடந்தது. 1927 மார்ச்சில் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அதன் பிறகு அவர்கள் தாக்கப்பட்டது எப்போது தெரியுமா? பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. சமைத்த சோறும் மண்ணில் கொட்டப்பட்டது. தண்ணீரும் சோறும் போராட்டத்தின் ஓரத்தில் இருந்தவை அல்ல. நடுவில் இருந்தவை.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. கோயில் கதவு திறந்தது. காப்பிக்கடைப் பெஞ்சு அதே நாளில் திறக்கவில்லை. கடைக்குப் பின்புறம் போய் நின்றதையும், மேலிருந்து சிரட்டையில் ஊற்றிய காப்பியையும், குடித்த பிறகு அந்தச் சிரட்டையைத் தாங்களே கழுவி வேலியில் செருகி வைத்ததையும், காசைத் தரையில் வைத்ததையும் நம் முதியவர்கள் பலர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேறு மாவட்டங்களில் அதற்கு இரட்டைக் குவளை என்று பெயர். தேங்காய் விளையும் இந்த மண்ணில் அது சிரட்டை.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு எனத் தனி இடம் வைத்திருந்ததைத் திராவிட இயக்கம் எதிர்த்தது. 1941இல் அது நீங்கியது. 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் ‘பிராமணாள்’ பலகை அழிப்புப் போராட்டத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து பல மாதம் கைதானார்கள். முடிவில் பலகை மாறியது. தமிழகமெங்கும் அந்தச் சொல் பலகைகளிலிருந்து மறையத் தொடங்கியது. 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகம் மீண்டும் அதே சொல்லை எழுதியபோது அதை எதிர்க்கவும் பெரியார் இயக்கத்தார்தான் வந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலகையில் இருந்த சாதியை அழிப்பது பிராமணரல்லாதார் இயக்கத்தின் கேள்வியாக இருந்தது. குவளையில் இருந்த சாதியை அழிப்பது நம்முடைய கேள்வி. பலகை தெருவைப் பார்த்து நிற்கும். எல்லார் கண்ணிலும் படும். சிரட்டை கொல்லைப்புறத்தில் இருக்கும். பலகை போன கடையிலும் சிரட்டை இருந்தது. பலகையே எழுதாத சிறு கடைகளில்தான் அது அதிகம் இருந்தது.

இந்தக் கேள்விக்கு விடையைச் சட்டத்தில் எழுதியவர் அம்பேத்கர். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொது உணவகங்களுக்குள் நுழைவதைச் சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. உணவகத்துக்குள் போவதைத் தடுப்பது மட்டுமல்ல, அங்கே பொதுப் பயனுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் குவளையும் தட்டும் இடம்பெற வேண்டியிருந்தது என்றால் அந்த நாட்டின் காலை உணவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1இல் நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இந்தச் சட்டத்துக்கு ஒரு வயதுதான்.

இன்று அந்தக் குவளை எங்கே போனது? பல ஊர்களில் காகிதக் குவளையாக மாறியது. எல்லாருக்கும் காகிதக் குவளை என்றால் அது சுகாதாரம். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரியிலிருந்து வருபவருக்குக் காகிதக் குவளை என்றால் அது சிரட்டையின் பேரன்.

4. மரச்சீனி காப்பாற்றிய வயிறு

உணவகப் பட்டியலின் இரண்டாவது வரிசைக்கு வருவோம். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதைத் தின்று உயிர் வாழ்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினியின் விளிம்புக்குப் போனது. அந்த ஆண்டுகளில் ஏழை வீடுகளின் காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் மரச்சீனிதான். வேகவைத்த கிழங்கும் காந்தாரித் துவையலும், கையில் காசு இருந்தால் சாளைக் கறியும். கிழங்கு தின்பது என்பது அன்று வறுமையின் அடையாளம். கல்யாண வீட்டில் கிழங்கு வைத்தால் அவமானம்.

அரிசித் தட்டுப்பாடு உணவகப் பட்டியலையும் மாற்றியது. பெங்களூர் எம்.டி.ஆர். உணவகம் ரவா இட்லியைப் போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் தாங்கள் உருவாக்கியதாகச் சொல்கிறது. 1950, 60களில் பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்தது. பூரிக்கும் உப்புமாவுக்கும் பரோட்டாவுக்கும் அது வழி அமைத்தது. பஞ்சம் ஒன்றுதான். பணக்காரர் பஞ்சத்தில் கண்டுபிடித்தது ‘கண்டுபிடிப்பு’ ஆனது, பெயரோடு வரலாறு பெற்றது. ஏழை பஞ்சத்தில் கண்டுபிடித்தது, கிழங்கை எப்படி உலர்த்துவது, மாவாக்குவது, புட்டாக்குவது என்பதெல்லாம், பஞ்சம் என்றே நினைவில் நின்றது.

5. ரேஷன் அரிசியும் ஒரு ரூபாய் இட்லியும்

நம் வீடுகளில் காலையில் இட்லி தோசை சாதாரணமானது எப்போது? அதற்கு உணவகம் காரணமல்ல, ரேஷன் கடை காரணம். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது. கோயம்புத்தூரில் 1950களில் உருவான கிரைண்டர் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நம் வீட்டுக்கும் வந்தது. பெண்கள் கையில் இருந்த ஆட்டுக்கல்லின் பாரம் குறைந்தது. பண்டிகைப் பலகாரம் அன்றாட உணவானது. கோயில் நுழைவுக்குச் சமமான ஒரு நுழைவு இது. இதற்குச் சிலையும் இல்லை, ஆண்டு விழாவும் இல்லை.

2013இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய். பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. ஒரே தட்டு, ஒரே வரிசை, நின்றுகொண்டே சாப்பிடும் மேசை. சமைத்தவர்கள் மகளிர் குழுப் பெண்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நகரத்தில் வரிசையில் நின்றவர் கேட்கவில்லை. ஐயர் கடை, பிள்ளை கடை என்று சாதியைச் சொல்லி அடையாளம் காட்டப் பழகிய நகரத்தில், சாதி இல்லாத இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது.

ஆனால் கிராமத்தில் கேட்டார்கள். பள்ளியில் கேட்டார்கள். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கத் தொடங்கியது முதல், 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வழியாக, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வரை ஒரு நூற்றாண்டுப் பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 2023 ஆகஸ்டு 25இல் அந்தத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. அடுத்த மாதமே கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியிலும், தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் வட்டாரத்தில் ஒரு பள்ளியிலும், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியரும் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

எட்டயபுரம் என்ற பெயரைக் கவனியுங்கள். காமராசர் தொடங்கி வைத்த அதே வட்டாரம். அறுபத்தேழு ஆண்டுகளில் பிள்ளைகள் ஒன்றாக உட்காரப் பழகிவிட்டார்கள். சமைக்கும் கை மட்டும் இன்னும் தீட்டாக இருக்கிறது. உணவில் சாதி கடைசியாகப் பதுங்கியிருக்கும் இடம் அடுப்படி என்று இதிலிருந்து தெரிகிறது. உணவகங்களைப் பாருங்கள். மேசை துடைக்கவும் இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் நம்மவருக்கு நீண்ட காலமாக இடம் உண்டு. சரக்கு மாஸ்டராக, தோசைக்கல் முன் நிற்பவராக, கல்லாவில் உட்கார்பவராக எத்தனை பேர்? இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லா வேலைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களின் சாதி யாருக்கும் தெரியாது, அதனால் அவர்கள் கைப்பட்ட தோசை யாருக்கும் உறுத்துவதில்லை. தெரிந்த சாதிதான் தீட்டு, தெரியாத சாதிக்குத் தீட்டு இல்லை என்றால், தீட்டு உணவில் இல்லை, ஊர் நினைவில் இருக்கிறது.

6. மண்சட்டியில் ஏறிய விலை

இப்போது மூன்றாவது வரிசை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கம்பும் கேழ்வரகும் உணவகப் பட்டியலில் ஏறின. பழஞ்சி மண்சட்டியில், சின்ன உள்ளியும் மோர் மிளகாயும் சேர்த்து, ‘பாரம்பரிய உணவு’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. வேகவைத்த மரச்சீனியும் மீன்கறியும் சுற்றுலாப் பயணிகளுக்கான சிறப்பு உணவாயிற்று. வயிற்றுக்கு நல்லது, குடலுக்கு நல்லது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். நல்லதுதான். நாம் அதை வெறுக்கவில்லை. விற்கவும் கூடாது என்று சொல்லவில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான். ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, யாருடைய பாரம்பரியம்? பழஞ்சி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் பழஞ்சி குடிப்பவன் என்று ஏசப்பட்டவர்கள் எல்லாருமா? வசை நமக்கு வந்தது, பாரம்பரியம் பொதுவுக்குப் போனது. ‘கரிக்காடி’ என்று சொல்லச் சொன்ன வாய் இன்று ‘ஆரோக்கியம்’ என்று சொல்கிறது. நடுவில் நடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் பட்டியல் விழுங்கிவிட்டது.

இன்னொரு உணவு இன்னும் பட்டியலில் ஏறவே இல்லை. இம்மாவட்டத்தின் மேற்கே, மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துக் கடைகளில் காலையிலேயே ஆப்பத்துக்கும் பரோட்டாவுக்கும் மாட்டுக்கறி கிடைக்கும். அங்கே அதைக் குரல் உயர்த்திக் கேட்கலாம். கிழக்கே வர வரக் குரல் தாழ்கிறது. ஆங்கிலத்தில் ‘பீப்’ என்று கேட்டால் கொஞ்சம் மரியாதை, தமிழில் மாட்டுக்கறி என்று கேட்டால் ஒரு பார்வை. கிடைக்கும் கடையிலும் பல இடத்தில் சுவர்ப் பட்டியலில் எழுத மாட்டார்கள். சப்ளையர் வாயால் மெதுவாகச் சொல்வார். உணவு விற்கப்படுகிறது, பெயர் மறைக்கப்படுகிறது. மெட்டீர் எழுதி வைத்த பெயர்த் தடை வேறு வடிவில் தொடர்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மராத்தியில் ஷாஹு பாட்டோளே 2015இல் தம் மாங், மகார் சமூகங்களின் சமையலை ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூலாக எழுதினார். அன்னமே பூரண பிரம்மம் என்ற மேல்சாதி வாக்கைத் திருப்பிப் போட்டு, எங்கள் அன்னத்தை விட்டுவிட்டதால் உங்கள் பிரம்மம் முழுமை பெறவில்லை என்று சொல்லும் தலைப்பு அது. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘ஜூட்டன்’, அதாவது எச்சில், என்றே பெயர் வைத்தார். நம் மொழியில் தலித் தன்வரலாறுகளும் நாவல்களும் பசியையும் கஞ்சியையும் நிறைய எழுதியிருக்கின்றன. சமையலை, சுவையை, கைப்பக்குவத்தை அந்த அளவுக்கு எழுதவில்லை. பசியை எழுதுவது ஆவணம். சுவையை எழுதுவது உரிமை. நம் அம்மாக்கள் பட்டினியை மட்டுமா நமக்குத் தந்தார்கள்? இருந்த ஒரு பிடி அரிசியில் ருசியையும் தந்தார்கள்.

7. நாம் செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்து போகக் கூடாது என்பது இந்த அரங்கின் மரபு. ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாணவர்களுக்கு. உங்கள் ஊரில் எழுபது வயது தாண்டிய பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், எதில் சாப்பிட்டார்கள், அதற்கு என்ன பெயர் சொன்னார்கள், மேல்சாதியார் முன் என்ன பெயர் சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டு அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். சாம்பவர், புலையர், சக்கிலியர், காணிக்காரர் வீடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். 1809இல் மயிலாடியில் கட்டப்பட்ட திருச்சபையைப் பற்றியும், அதற்கு வித்திட்ட சாம்பவர் குல மகராசன் வேதமாணிக்கத்தைப் பற்றியும் நமக்கு ஏடுகள் இருக்கின்றன. ஆனால் அந்த முதல் சபையார் ஒன்றாக உட்கார்ந்து என்ன உண்டார்கள் என்று எழுதியவர் யார்?

இரண்டாவது, இயக்கத் தோழர்களுக்கு. காலை உணவுத் திட்டத்தில் சமைக்க நியமிக்கப்படும் பெண்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் கேட்டுப் பெறுங்கள். எந்தப் பள்ளியில் தலித் பெண் சமைக்கிறார், எங்கே அவரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தடுக்கிறவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்பதை ஊரில் எழுதி ஒட்டுங்கள். அமைச்சர் வந்து ஒரு நாள் சாப்பிட்டால் செய்தி. அந்தப் பெண் அடுத்த ஆண்டும் அதே அடுப்பின் முன் நின்றால்தான் வெற்றி.

மூன்றாவது, நம் எல்லாருக்கும். நம் வீட்டுக் கல்யாணத்திலும் நம் இயக்கக் கூட்டத்திலும் நாம் என்ன பரிமாறுகிறோம்? உயர்தர சைவம் என்ற சொல்லுக்கு நாமும் அடிமையாகிவிட்டோமா? தலித் இலக்கியக் கூட்டத்தின் காலை உணவுக்குக்கூடப் ‘பொதுவானது’ என்று பொங்கலும் வடையும் வாங்கி வருகிறோம். அது சாப்பிடக் கூடாதது அல்ல, அதைப் பெற நம் முன்னோர் அடிபட்டிருக்கிறார்கள். அதோடு நம்முடையதும் இலையில் இருக்கட்டும். மரச்சீனி இருக்கட்டும், சாளைக் கறி இருக்கட்டும், மாட்டுக்கறியும் இருக்கட்டும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில், பெரிய எழுத்தில், வாசலில் எழுதி வைப்போம்.

அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில், மாணவர்கள் சேகரித்து வரும் சொற்களைக் கொண்டு ஒரு சிறு நூலை வெளியிட நம் அமைப்பு எண்ணியிருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் கரிக்காடி என்ற சொல் இருக்கும், அதற்கு நேரே சோறு என்று இருக்கும். மீதிப் பக்கங்களை உங்கள் ஊர்களிலிருந்து கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.